கல்தூசியில் அப்பா

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஆராய்ச்சி செய்தது ஒரு பக்கத்து விண்மீன் மண்டலத்தைப் பற்றி. பக்கத்து என்றால், ஒளி வந்து சேரவே ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். அதன் நடுவில் பெரிய விண்மீன்கள் அடுத்தடுத்து வெடித்துச் சாகின்றன. அந்தச் சூப்பர்நோவாக்களின் வேகத்தில் வாயுவும் தூசியும் காற்றாகப் பீறிட்டு வெளியேறுகின்றன. எவ்வளவு தூசி போகிறது என்பதுதான் என் கணக்கு.

அப்பா, ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் டிரில்லர். எடப்பாடிப் பக்கம் ஒரு கடலைக்காட்டில் போர் போட்டுக்கொண்டிருந்தபோது, விடுமுறையில் பார்க்கப் போனேன். கம்ப்ரசர் காற்று குழிக்குள் இறங்கி, உடைபட்ட கல்லை மாவாக வெளியே தள்ளியது. என் விண்மீன் மண்டலமே கடலைக்காட்டில் கிடைத்துவிட்டதுபோல் துள்ளினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்பா மூக்கை மூடவில்லை. கேட்டதற்கு, "மூஞ்சியில துணியக் கட்டிக்கிட்டா தண்ணி வாசம் எப்புடிக் கண்ணு தெரியும்?" என்றார். ஈரம் தட்டுவதற்கு முன்பே தூசியின் வாசம் மாறுமாம். அதை முதலில் சொல்லும் டிரில்லருக்குத்தான் கிணறு போடும் காட்டுக்காரர்களிடம் மதிப்பு.

நானும் விட்டுவிட்டேன். "இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்கப்பா" என்று தூசிக்கு நடுவில் நிறுத்திப் படம் எடுத்தேன். கருத்தரங்கில் அதைத் திரையில் போட்டு என் காற்றை விளக்கினேன். கைதட்டினார்கள்.

இரண்டு வருடத்தில் அப்பாவால் நாலு படி ஏற முடியவில்லை. டாக்டர் எக்ஸ்ரே பார்த்து டிபி என்றார். மாத்திரை மாத்திரையாக விழுங்கியும் இருமல் நிற்கவில்லை. சேலத்தில் வேறொரு டாக்டர்தான், "என்ன வேலை பார்த்தீங்க?" என்று முதலில் கேட்டார். நெஞ்சு முழுக்கக் கல்தூசி, இனி எடுக்க வழியில்லை என்றார். மங்கிய படங்களில் தூசி தேடுவதே பிழைப்பாக இருந்தவள், அந்த எக்ஸ்ரேயை மஞ்சள் பையில் மாதக்கணக்கில் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

கடைசி நாட்களில் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார்: "அங்க கெளம்புற தூசியெல்லாம் என்ன ஆவுது சாமி?"

"கொஞ்சம் திரும்ப விழுந்துரும்ப்பா. மிச்சம் வெளிய போயிரும்."

"போவுதல்லோ, அது போதும்" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார். என் ஆய்வேடு முடியும் முன்பே போய்விட்டார்.

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. தலைமுதல் கால்வரை வெள்ளையாக நின்று சிரிக்கிறார். அதை எடுத்தபோது என் மூக்கில் ஈரத்துண்டு இருந்தது. "படிக்கிற புள்ளைக்குத் தூசி ஆவாது" என்று, தன் தோளில் கிடந்த துண்டை நனைத்து அவர்தான் கட்டிவிட்டார்.