கம்பவுண்டர் ஐயாவும் ஆவுடைத்தாயின் மகனும்

நம்பிராஜன் என்ற பெயர் இலத்தூரில் ரேஷன் கார்டோடு சரி. மற்றபடி ஊருக்கு அவன் கம்பவுண்டர். பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கலக்குவது, கட்டுப் போடுவது, ஊசி போடுவது, டாக்டர் லீவு என்றால் வந்தவர்களைச் சமாளித்து அனுப்புவது, எல்லாம் அவன் தலையில்தான் விடியும். எழுபதுகளின் ஆரம்பத்தில் அந்த வட்டாரத்துப் பெண்கள் டாக்டருக்கே காட்டத் தயங்கிய கட்டிகளையும் புண்களையும் அவனிடம் காட்டினார்கள். காரணம் பெரிய கைராசி ஒன்றுமில்லை. அவன் புண்ணைத்தான் பார்ப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். கட்டி முடித்ததும் அடுத்த ஆளைக் கூப்பிடுவான். சந்தையில் அதே பெண் எதிரே வந்தால் முன்பின் தெரியாதவன் மாதிரி நடந்து போவான். இந்த ஒரு குணத்துக்காகவே அவனைக் கும்பிடலாம்.

வீட்டில் அவனும் தாயார் ஆவுடைத்தாயும் மட்டும்தான். அப்பா போய் வெகு நாளாயிற்று. அக்கா முருகம்மாள் திருவேங்கடத்தில் வாழ்க்கைப்பட்டு, பருத்திக்காடும் பிள்ளைகளுமாக அல்லாடிக்கொண்டிருந்தாள். நம்பிராஜனுக்குப் பெண் பார்த்தார்கள், பார்த்தார்கள், ஒன்றும் தகையவில்லை. கவர்ன்மெண்ட் மாப்பிள்ளைதான், ஆனால் ஊர்ப்புண்ணெல்லாம் தொடுகிற கை என்று ஒரு வீட்டில் மூக்கைச் சுளித்ததாகக் கேள்வி. அதற்குப் பிறகு அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆவுடைத்தாய்க்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்தவனும் அவன்தான். கொல்லையில் அவள் ஒதுங்கும் இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துவிட்டான். சோதித்துப் பார்க்கச் சிறுநீர் கேட்டான். மகனிடம் அதைப் போய் எப்படிக் கொடுப்பாள்? ஒரு வாரம் மன்றாடிய பிறகு, புறவாசல் படியில் ஒரு சீசாவை வைத்துவிட்டு, வைத்ததையே மறந்தவள் போல உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து மாத்திரை ஓடியது. சோற்றைக் குறைக்கச் சொன்னால் மட்டும் காது கேட்காது.

எழுபத்தேழாம் வருஷம் வைகாசி கடைசியில் அவள் நடை மாறியது. உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு ஒரு வாடை. அந்த வாடையை மறைக்க அவள் சாம்பிராணி போட்டாள். வேறு வீட்டில் அது செல்லுபடியாகியிருக்கும். சீழ் வாடையோடு தினமும் மல்லுக்கட்டுகிறவனிடமா சாம்பிராணி வித்தை? எங்கே புண் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றாள். விடாமல் கேட்டதில், துடையில் மேலே ஒரு கட்டி, தானாக அமுங்கிவிடும் என்றாள். சர்க்கரைக்காரிக்கு வரும் கட்டி தானாக அமுங்காது, ஆளைத்தான் அமுக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

காட்டச் சொன்னான். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“ஊர்ப் பொம்பளைய எல்லாம் எங்கிட்டதானம்மா காமிக்காவ?” என்றான்.

“அவிய கம்பவுண்டர்ட்ட காமிக்காவ. நான் எம்மவன்ட்டல்லா காமிக்கணும்” என்றாள் ஆவுடைத்தாய்.

சரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ் மெஹர் பானு இருக்கிறாள், தங்கமான பெண், அழைத்து வருகிறேன் என்றான். அது அதைவிட மோசம். கூட வேலை பார்க்கிறவளிடம் தாயார் துடையைக் காட்டினால், நாளைக்கு அவன் அவள் முன்னால் எப்படி நிமிர்ந்து நிற்பான் என்று இவள் கேட்டாள். அக்காவை வரவழைக்கிறேன் என்றால், அவளைத் தொந்தரவு செய்யாதே என்றாள். அவன் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால், கம்பவுண்டர் ஆத்தாளுக்கே சீக்காம் என்று சிரிப்பார்களாம். எந்தக் கதவைத் திறந்தாலும் அவளே போய்ச் சாத்தினாள். நம்பிராஜன் இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்து பார்த்தான். அவள் அதைச் சௌகரியமாக எடுத்துக்கொண்டாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் சீசன் டூட்டி வந்தது. சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் முதலுதவிக் கொட்டகை போட்டுவிடுவார்கள். சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளிலிருந்து அதற்கு ஆள் அனுப்ப வேண்டும். அந்த வருஷம் அவன் முறை. தாயார் நிலைமையைச் சொல்லி வேறு ஆளைக் கேட்டுப் பார்த்தான். ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காலையில் முதல் பஸ்ஸில் போய் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பினான்.

கொட்டகையில் மூச்சுவிட நேரம் இருக்காது. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஒருவன் அருவிக்குப் போவான். அந்த எண்ணெய் பாறையில் வழிந்து அடுத்தவனை வழுக்கிவிடும். உடைந்த மண்டையோடும் பிசகிய மணிக்கட்டோடும் ஈரம் சொட்டச் சொட்ட வரிசையில் நிற்பார்கள். யார் பெற்ற பிள்ளைகளுக்கோ அவன் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். நினைப்பு முழுக்க இலத்தூரில் இருந்தது. வீட்டுக்குப் போய் அவள் நெற்றியைத் தொட்டால் சுட்டது. அடுப்புச் சூடு என்று அதற்கும் ஒரு சால்ஜாப்பு வைத்திருந்தாள். அவளை இப்படியே பறிகொடுத்துவிடுவோமோ என்று பயந்தான்.

ஒரு நாள், வெயிலும் தூறலும் மாறி மாறி வந்த முற்பகல். குனிந்து ஒரு பையனின் முழங்காலைக் கழுவிக்கொண்டிருந்தவன் அடுத்த ஆள் என்று குரல் கொடுத்தான். எதிரே இரண்டு கால்கள் வந்து நின்றன. எத்தனையோ வருஷம் பார்த்த கால்கள். நிமிர்ந்தான். ஆவுடைத்தாய் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் கழுவிய எண்ணெய்ச் சீசாவோடு நின்றாள். சீசா இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்து தர மாட்டார்கள் என்பது அவள் தலைமுறைக்கு மனப்பாடம். அங்கிருந்த கூட்டத்தில் அவளை அறிந்தவர் ஒருவரும் இல்லை.

“கம்பவுண்டர் ஐயா,” என்றாள். “துடையில ஒரு கட்டி. எம்மவன்ட்ட காமிக்க முடியல. நீங்க பாருங்க. ஆனா அவன்ட்ட சொல்லிராதிய.”

இந்த இடத்தில் நம்பிராஜன் அம்மா என்று அழுதிருந்தால் அவள் வந்த வழியே போயிருப்பாள். அவன் அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டான்.

“சொல்ல மாட்டேம்மா. பேரென்ன?” என்றான்.

பேர் சொன்னாள், வயது சொன்னாள், ஊரை மட்டும் மாற்றிக் கடையம் என்றாள். படுதாவுக்குப் பின்னால் படுக்க வைத்துப் பார்த்தான். ராஜபிளவை என்னும் பெருங்கட்டி, கண் கண்ணாகச் சீழ் வைத்துத் திறந்திருந்தது. மத்தியானம் சுற்றிப் பார்க்க வந்த டாக்டர் தில்லைநாயகம் உடனே கீறிவிட வேண்டும் என்றார். கீறும்போது அவள் கம்பவுண்டரின் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டாள், சத்தம் போடவில்லை. வயதானவளை இப்படித் தனியாக அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன் என்ன மகன் என்று டாக்டர் கடிந்துகொண்டார். அவனை வையாதீர்கள், அவனுக்குத் தெரியாது என்றாள் ஆவுடைத்தாய். பஞ்சை நீட்டிக்கொண்டிருந்த மகன் குனிந்த தலை நிமிரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் இரண்டு பேரும் ஒன்றும் நடக்காதது போலச் சாப்பிட்டார்கள். கை கழுவும்போது அவள்தான் ஆரம்பித்தாள். குற்றாலத்தில் ஒரு கம்பவுண்டர் இருக்கிறானாம், பதமாகத்தான் கட்டுகிறான், ஆனால் நேரத்துக்குச் சாப்பிடுகிறவன் மாதிரித் தெரியவில்லையாம். அப்படியா என்று கேட்டுக்கொண்டான் நம்பிராஜன். மறு தடவை வந்தபோது சீசாவோடு ஒரு தூக்குச்சட்டியும் வந்தது. மகனுக்குக் கட்டினதில் மிஞ்சியது, வீணாகப் போகும், நீங்கள் சாப்பிடுங்கள் ஐயா என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் அவள் பஸ் ஏறினாள். அருவிக்குப் போகிறேன் என்று தெருவில் சொல்லிக்கொண்டாள். இந்த வயதில் கிழவிக்கு அருவி மோகம் தலைக்கேறிவிட்டது என்று தெருவே கேலி செய்தது. செய்துவிட்டுப் போகட்டும், காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆவணியில் கொட்டகையைப் பிரித்தார்கள். புண் பாதி ஆறியிருந்தது. கடைசி நாள் கட்டு முடிந்ததும், சீசன் போய்விட்டால் கம்பவுண்டர் ஐயா வீட்டுக்கு வந்து கட்டுவாரா என்று கேட்டாள். வருவதாகச் சொன்னான். மறுநாள் காலையில் நம்பிராஜன் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, வாசல் வழியாக வந்து, கம்பவுண்டர் வந்திருக்கேம்மா என்று குரல் கொடுத்தான். கட்டிவிட்டு வாசல் வழியாகவே போனான். பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிப் புறவாசலில் நுழைந்து, கோட்டைக் கழற்றிவிட்டுப் பழையது சாப்பிட உட்கார்ந்தான். எதிர்வீட்டுக்காரர் இதை இரண்டு நாள் பார்த்துவிட்டு, பாவம், கல்யாணம் ஆகாமல் கம்பவுண்டருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு கட்டினார்.

ஐப்பசியில் புண் ஆறியது. ஆனால் சர்க்கரை விட்டுப் போகிற விருந்தாளியா? எண்பத்திரண்டு வாக்கில் அவள் கண்ணை எடுத்துக்கொண்டது. அதற்கடுத்த வருஷம் காலையும் முடக்கிப் போட்டது. கடையத்துக்குப் பெரிய பொறுப்போடு மாற்றல் வந்ததை அவன் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தான். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்தான், ஆஸ்பத்திரி மத்தியானம் சாத்தும்போது சைக்கிளில் வந்து போனான். காலையில், அந்தப் பெண் வருமுன், குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் கம்பவுண்டரின் வேலை. அவளுக்கு இருட்டும் வெளிச்சமும் ஒன்றாகிவிட்ட பிறகும், கோட்டுப் போடாமல் அவன் அந்த அறைக்குள் போனதில்லை. குரலில் தெரியாதா, கைச்சூட்டில் தெரியாதா? எல்லாம் தெரியும். புத்தி கடைசி வரைக்கும் பளிச்சென்றுதான் இருந்தது. தெரிந்தேதான் இரண்டு பேரும் அந்த மரியாதையைக் காப்பாற்றி வந்தார்கள்.

எண்பத்துநாலாம் வருஷம் கார்த்திகையில் ஒரு காலை, விட்டுவிட்டு மழை. நம்பிராஜன் அவளைத் துடைத்து, பவுடர் போட்டு, வேறு சேலை சுற்றிவிட்டான். கிளம்பப் போனவனின் கையை அவள் தடவிப் பிடித்தாள்.

“கம்பவுண்டர் ஐயா, எம்மவனப் பாத்தா ஒண்ணு சொல்லணும். நேர்ல சொல்ல எனக்கு வாய் வர மாட்டேங்கு” என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “அவனுக்கு ஒரு பொண்ணப் பாத்துக் கட்டிவைக்க எனக்குத் துப்பில்லாமப் போச்சு. என்னக் கட்டிக்கிட்டு அழுதே அவன் காலம் போயிட்டு. ஆனா அவனப் பெத்ததுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. சொல்லிருவியளா?”

கம்பவுண்டரின் குரல் வரும்வரை அவன் காத்திருந்தான்.

“பாத்தா சொல்லுதேம்மா” என்றான்.

வாசல் வழியாக வெளியே போனான். மழையில் சந்து வழியாகச் சுற்றி வந்தான். புறவாசலில் கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டான். முகத்தைக் கழுவினான், இன்னொரு தடவையும் கழுவினான். அடுக்களையில் பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டு அறைக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டாள்.

“வந்துட்டியாலே? கம்பவுண்டர் ஏதும் சொன்னாரா?”

“சொன்னாரும்மா” என்றான் நம்பிராஜன்.