அடுத்த காலின் சூடு

மாட்டுப் பண்ணையில் சாணம் வழிக்கிறவர்களுக்கு அருவருப்பு மரத்துப்போய்விடும் என்று ஊரில் நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு மரத்துத்தான் போகிறது. அவளுக்குப் போகவில்லை. கொட்டகைக்குள் நுழையும் ஒவ்வொரு நாளும் மூக்கு முதல் நாள் போலவே சுருங்கும். அதனால் அவளுக்கு மூக்குக்காரி என்று பெயர் வைத்தார்கள். சம்பளத்துக்குக் கூப்பிடும்போதுகூட சூப்பர்வைசர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

சிறுவயதிலிருந்தே அப்படித்தான். அடுத்தவர் வாய் வைத்த டம்ளரில் தண்ணீர் குடிக்கமாட்டாள். தம்பி படுத்து எழுந்த பாயில், அது ஆறும்வரை உட்காரமாட்டாள். கல்யாணமான புதிதில் புருஷன் துடைத்த துண்டில் முகம் துடைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவர் அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே இனிப்பு வாசனை தொண்டையில் படிந்து எந்நேரமும் குமட்டியது. கம்பெனியை மூடினார்கள். பக்கத்தில் பண்ணைதான் இருந்தது. வந்துவிட்டாள்.

சாணம் அவளுக்குப் பெரிய தொல்லையாக இல்லை. மூத்திரக் குழி கொப்பளிப்பதையும், கன்று போட்ட மாட்டின் நஞ்சுக்கொடி வழுக்கிக்கொண்டு விழுவதையும் சுளித்த முகத்தோடு பார்த்துக்கொண்டே அள்ளிவிடுவாள். "மாட்டோடது மாட்டோடது. மனுஷனோடது வேற" என்பாள்.

மனிதனுடையது பூட்ஸுக்குள் இருந்தது.

பண்ணையில் காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று இரண்டு. கொட்டகைக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்பார்களோ அத்தனை ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கினால் போதும் என்பது முதலாளியின் கணக்கு. காலையில் போட்டவர் கழற்றி மாட்ட, மதியம் வருகிறவர் அதையே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அவளுடைய ஜோடியைக் காலையில் போடுகிறவன் பல்லன். எந்நேரமும் சிரிக்கிற மாதிரிப் பற்கள். அவள் இறங்கும் பஸ்ஸில்தான் அவன் ஏறுவான். படியில் ஒருவரையொருவர் உரசாமல் விலகிக்கொள்வார்கள். அவ்வளவுதான் பழக்கம்.

ஆனால் பஸ் ஏறிப் போனவனின் சூடு பூட்ஸில் இருக்கும். காலை உள்ளே விட்டதும் வெதுவெதுப்பாக, ஈரமாக, உயிருள்ள ஏதோ ஒன்றின் வாய்க்குள் விடுவது போலிருக்கும். குதிகால் பதியும் இடத்தில் அவனுடைய குழி. பெருவிரல் முட்டும் இடத்தில் அவனுடைய நகம் கீறிய பள்ளம். ஒருநாள் உள்ளே ஏதோ உறுத்தியது. விரலை விட்டு எடுத்தால் பிளாஸ்திரி. ரத்தம் காய்ந்த பக்கம் அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. உதறினாள். விழவில்லை. குழாயடியில் போய்க் கையைத் தேய் தேய் என்று தேய்த்தாள். அன்று சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அதற்குப் பிறகு பவுடர் போட ஆரம்பித்தாள். ரோஜா வாசனைப் பவுடர். பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே வெள்ளையாகத் தூவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை விடுவாள். அப்படியும் விரலிடுக்குகள் வெந்து வெளுத்துத் தோல் உரிந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது ஒட்டுவாரொட்டிம்மா. அடுத்தவங்க செருப்பு, பூட்ஸ் எதையும் போடக்கூடாது. போட்டா மருந்து தடவியும் பிரயோஜனம் இல்ல."

தனக்கென்று ஒரு ஜோடி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள்.

வேலை முடிந்த சாயங்காலமாகப் பார்த்துத்தான் மாட்டுத் தீவனமும் பூட்ஸும் விற்கும் கடைக்குப் போனாள். சாயங்காலம் கால் வீங்கியிருக்கும். அந்தக் காலுக்குச் சரியாக இருப்பதுதான் நாள் முழுக்கச் சரியாக இருக்கும். தடித்த சாக்ஸையும் கையோடு கொண்டுபோனாள். கூட வந்த புருஷன் தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

கடைக்காரர் எடுத்துக் கொடுத்த முதல் பூட்ஸை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஏம்மா, செண்டு வாங்க வந்தியா, பூட்ஸ் வாங்க வந்தியா?"

"இது புதுசுதானே? யாரும் போட்டுப் பாக்கலையே?"

"கடைன்னா நாலு பேரு போட்டுப் பாக்கத்தான் செய்வாங்க."

"அப்ப வேற பெட்டி எடுங்க. ஒட்டு பிரிக்காதது."

கடைக்காரர் அவள் புருஷனைப் பார்த்தார். "அண்ணே, வீட்லயும் இப்படித்தானா?"

"நான் தப்பிச்சதே பெரிசு" என்றார் அவர். "என்னையும் மோந்து பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டா."

"மோந்து பாத்திருந்தா கட்டியிருப்பேனா?" என்றாள் திரும்பாமலே.

ஒட்டுப் பிரிக்காத பெட்டிகள் வந்தன. முதல் ஜோடியைக் கணுக்காலில் மடக்கினாள். மடிப்பில் வெள்ளையாகக் கோடு விழுந்தது. அந்த இடத்தில்தான் ஒருநாள் வெடிக்கும். தள்ளி வைத்தாள். அடுத்ததற்கு உள்ளே துணி ஒட்டியிருந்தது. மெத்தென்று இருந்தது. ஒருமுறை நனைந்தால் காயாது. நாறும். அதுவும் வேண்டாம். இன்னொன்றின் அடிப்பகுதியில் பொடிப்பொடியாகக் கோடுகள். அவற்றில் சாணம் அப்பிக்கொண்டால் வழவழவென்று ஆகிவிடும். கடைசியில் ஒரு ஜோடி கிடைத்தது. மடக்கினாலும் வெளுக்காத ரப்பர். அடியில் அகலமான பள்ளங்கள். உள்ளே இருக்கும் அட்டையை உருவி வெயிலில் போடலாம். குதிகாலுக்குப் பின்னால் ஒரு மேடு. மற்றக் காலால் அதை மிதித்துக் கழற்றிவிடலாம், கையால் தொடவே வேண்டாம். சாக்ஸோடு போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்தாள். குந்தி எழுந்தாள். பூட்ஸின் மேல்விளிம்பு கெண்டைக்காலில் இடிக்கவில்லை. விரல்கள் உள்ளே விரிந்தன.

"ஆயுசுக்கும் உழைக்கும்" என்றார் கடைக்காரர். "ஆணி ஏறாது."

காலை உள்ளே விட்டபோது குளிர்ச்சியாக இருந்தது. யாருடைய சூடும் இல்லை. அவள் முகம் சுளிக்காமல் இருந்ததைப் புருஷன் அன்றுதான் பார்த்தார்.

பழக்கத்தில் புது ஜோடிக்குள்ளும் பவுடர் தூவினாள். முதலில் தினமும் வீட்டுக்கே கொண்டுபோனாள். பையில் கட்டித்தான் கொண்டுபோனாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து நின்றுகொண்டார்கள். கண்டக்டர், "அக்கா, மாட்டையே ஏத்திட்டு வந்திருக்கலாம், டிக்கெட்டாவது கிழிச்சிருப்பேன்" என்றான். தன்னைப் பார்த்து மற்றவர்கள் மூக்கைப் பொத்துவதை அவளால் தாங்க முடியவில்லை. வீட்டில் நாத்தனார் வேறு. அவள் அடுத்த தெருவிலிருந்து தினமும் வந்துபோகிறவள்.

"வாசல்ல பூட்ஸ் நிக்குதே, ஆம்பள யாரோ வந்திருக்கான்னு திரும்பிப் போயிட்டேன். என்ன நாத்தம் அண்ணி! பண்ணையில வெச்சுட்டு வந்தா என்ன, மாடா போட்டுக்கப்போகுது?"

நான்கு பக்கமும் இப்படியானதும், பண்ணையில் உடை மாற்றும் அறையில் ஓர் ஆணியில் அவற்றைத் தலைகீழாக மாட்டிவிட்டு வந்தாள். பழைய ஜோடி அதே சுவரின் மறுகோடியில் தொங்கியது.

மறுநாள் மதியம் சாக்ஸைப் போட்டுக்கொண்டு காலை விட்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

காலை வெடுக்கென்று இழுத்தாள். பூட்ஸ் உருண்டது. கையை உள்ளே விட்டுப் பார்க்கக்கூட மனம் வரவில்லை. குழாயடிக்கு ஓடினாள். திரும்பி வந்து அதைத்தான் போட்டுக்கொண்டு வேலை செய்தாள். வேறு வழி இல்லை. ஷிப்ட் முடியும்வரை விரல்களை மடக்கியே வைத்திருந்தாள்.

அடுத்த நாள் முன்னதாக ஒரு பஸ் பிடித்து வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காலை ஷிப்ட் முடிந்து பல்லன் வந்தான். அவள் பூட்ஸைப் போட்டிருந்தான். குதிகால் மேட்டை மிதித்து லாவகமாகக் கழற்றினான்.

"அக்கா, உங்க செலெக்ஷனா இது? சூப்பர்க்கா. கடிக்கவே இல்ல."

"உன்ன யாரு போடச் சொன்னது?"

"சூப்பர்வைசர்தான். பழசு கணுக்கால்ல கிழிஞ்சிடுச்சு. இது சும்மா தொங்குதே, போட்டுக்கடான்னாரு."

"என் காசுல வாங்கினது. உன் கால் வேர்வையை நான் எத்தன வருஷமா மிதிக்கிறது? பிளாஸ்திரியை உள்ளே விட்டவன்தானே நீ? உன்னாலதான் என் விரலெல்லாம் வெந்து கெடக்கு."

பல்லன் தன் வலது சாக்ஸை உருவினான். அவன் விரலிடுக்குகளும் வெளுத்து உரிந்துகிடந்தன. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யாருகிட்டேருந்து யாருக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியலக்கா. சண்டைக்குச் சொல்லல. நீங்க ஏதோ பவுடர் போடுறீங்களே, ரோஜா பவுடர். அது ஈரத்துல ஊறி, காலையில கால விட்டா மாவு பிசைஞ்ச மாதிரி கொழகொழன்னு இருக்கும். சாணி நாத்தம்கூட பழகிப்போச்சு. அந்த ரோஜா வாசனையும் வேர்வையும் சேந்து அடிக்கும் பாருங்க, வாந்தி வந்துடும். நான் காலையில டீ குடிக்கிறதையே விட்டுட்டேன்."

பல்லன் சாக்ஸைச் சுருட்டிக்கொண்டே தொடர்ந்தான்.

"என் பொண்டாட்டி கேக்குறா, நீ பண்ணைக்குத்தான் போறியா, இல்ல வேற எங்கயாவது போயிட்டு வர்றியான்னு. கால்ல ரோஜா வாசனை அடிக்குதாம்."

சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்றார். "என்ன பஞ்சாயத்து? ரெண்டு பேருக்கும் ஒரே சைஸு. இந்தப் பொருத்தம் யாருக்கு அமையும்?"

யாரும் சிரிக்காததால் அவரே சிரித்துவிட்டுப் போனார்.

தன்னால் ஒருவனுக்குக் குமட்டும் என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை. குமட்டுவது எப்போதும் அவளுக்குத்தான். காதுமடல் சூடானது. எழுந்து பூட்ஸை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய் உள்ளும் புறமும் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அன்று சாயங்காலம் ஆணியையும் சுத்தியலையும் எடுத்து, பூட்ஸின் மேல்விளிம்புக்குக் கீழே அடித்தாள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆணி வளைந்தது. கன்றுகளின் கொம்புக் குருத்தைச் சுடும் கம்பியைக் காயவைத்துக் கொண்டுவந்து அழுத்தினாள். ரப்பர் கருகி நாறியது. ஓட்டை விழுந்தது. இரண்டு பூட்ஸிலும் ஓட்டை போட்டு, சங்கிலியை நுழைத்து, உடை மாற்றும் அறைச் சுவரில் ஓடும் தண்ணீர்க் குழாயோடு சேர்த்துப் பூட்டினாள். சாவியை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பூட்ஸுக்குப் பூட்டு போட்டவ உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்றார் சூப்பர்வைசர். பிறகு ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார்.

மறுநாள் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பல்லன் படியில் நின்றான். கால்களில் சாதாரணச் செருப்பு. பாதங்கள் ஊறிச் சுருங்கியிருந்தன.

"கிழிஞ்சதுக்குள்ள பாலிதீன் பை கட்டிக்கிட்டு நின்னேன்க்கா. பைக்குள்ளயே தண்ணி வந்துடுச்சு" என்றான். புகார் மாதிரி இல்லை. சிரிக்கிற பற்கள்.

"சூப்பர்வைசர்கிட்ட கேளு."

"கேட்டேன். அடுத்த மாசம்கிறாரு. நானே வாங்கிடலாமான்னு பாக்குறேன்."

அவள் இரண்டடி நடந்தவள் நின்றாள். "மடக்கிப் பாத்து வாங்கு. வெள்ளையா கோடு விழுந்தா எடுக்காத. உள்ள துணி இருந்தாலும் எடுக்காத." திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். பஸ் புறப்பட்டது.

உடை மாற்றும் அறையில் யாரும் இல்லை. பூட்டைத் திறந்தாள். சங்கிலியை உருவினாள். கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். குளிர்ச்சி. இரவெல்லாம், காலையெல்லாம் யாரும் தொடாத குளிர்ச்சி.

பழக்கத்தில் பூட்ஸின் வாயை மூக்கருகே கொண்டுபோனாள். இத்தனை நாளும் அவனுடைய நாற்றம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் மோந்து பார்ப்பாள். அவன் இல்லை. சோப்புக்கு அடியில், ரப்பருக்கு அடியில், ஊறிப் புளித்த ரோஜா இருந்தது. அதற்கும் அடியில் வேர்வை. அவளுடையது.

மூக்கு சுருங்கியது. பூட்ஸைத் தள்ளிப் பிடித்தாள். இன்னொரு முறை மோந்து பார்த்தாள்.

பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தாள். மூடியைத் திருகியவள் மறுபடியும் அதை மூடினாள். டப்பாவை ஜன்னலில் வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை உள்ளே விட்டாள்.