நாகராசுவின் ஆறு நாற்பத்தெட்டு

"ஆறு நாப்பத்தெட்டு மாப்ள" என்றான் ஜஸ்டின். நாகராசு இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தான். சந்தோஷப்பட வேண்டிய நேரம், சந்தேகம்தான் வந்தது.

போலீஸ் தேர்வில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். நாகராசுவுக்கு இந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது. விட்டால், புதுக்கோட்டை டைல்ஸ் கடையில் பெட்டி இறக்கும் வேலைதான் ஆயுசுக்கும்.

ஊருக்குள் இருக்கும் ஒரு பள்ளி மைதானத்தில், பழைய சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி ஐந்து சுற்று ஓடினால் அந்தத் தூரம் வந்துவிடும். சித்திரையில் விடியும்போதே சட்டை நனைந்து நாக்கு வறண்டது. ஏழு நிமிடம் இருபத்தைந்து நொடிக்குக் கீழே இறங்க முடியவில்லை. ஆடியில் எதிர்க்காற்று நெஞ்சைப் பிடித்துத் தள்ளியது, கண்ணெல்லாம் மண். ஐப்பசி மழையில் வடக்கு மூலை குளமாகிவிட, பயிற்சிக்கு வந்த எல்லோரும் தண்ணீரை விட்டு விலகி உள்பக்கமாக ஓடினார்கள். அந்தச் சேற்றில்தான் ஜஸ்டின் வழுக்கிக் கணுக்கால் பிசகினான். அவனும் இதே தேர்வுக்கு விண்ணப்பித்தவன். ஓட முடியாமல் போனபிறகு, நேரம் பார்க்க மட்டும் நொண்டி நொண்டி வந்தான்.

இப்போது மார்கழி. குளிரில் ஓட்டம் சுலபமாகும்தான். ஆனால் ஒரேயடியாக இவ்வளவா? தன்னால் முடியாததை இன்னொருவன் முடிக்க யார்தான் விரும்புவார்கள்? நேரத்தைக் குறைத்துச் சொல்லி, 'இது போதும்' என்று தன்னை மெத்தனமாக இருக்கவிடப் பார்க்கிறானோ? செல்போனை ஒருநாளும் அவன் நீட்டிக் காட்டியதில்லை. எண்ணைச் சொன்னதும் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான்.

மறுநாள் நாகராசு முழுக்கைச் சட்டைக்குள் இரவல் கைக்கடிகாரத்தை மறைத்துக்கொண்டு வந்தான்.

"என்னடா புதுசா முழுக்கை?"

"பனிடா."

ஓடி முடித்ததும் திரும்பி நின்று கடிகாரத்தைப் பார்த்தான். ஆறு நாற்பத்தேழு. பின்னாலிருந்து ஜஸ்டினின் குரல்: "ஆறு நாப்பத்தேழு. சரியா இருக்கா? நாளைக்கு அதக் கழட்டிட்டு ஓடு, கனமாச்சும் கொறையும்."

சிரித்தபடிதான் சொன்னான். ஆனால் நிற்கவில்லை, நொண்டிக்கொண்டே கேட்டைப் பார்த்து நடந்தான்.

நாகராசுவுக்கு முகம் சுட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை. ஜஸ்டினும் பொய் சொல்லவில்லை, கடிகாரமும் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் எது? ஓடிய வழியிலேயே மெதுவாக நடந்து பார்த்தான். வடக்கு மூலையில் கால் நின்றுவிட்டது. தண்ணீர் எப்போதோ வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஆனால் மழையில் விழுந்த தடம் அப்படியே உள்பக்கமாக வளைந்து போயிற்று. சுண்ணாம்புக் கோடு அந்தப்பக்கம் புல்லுக்குள் கிடந்தது. இரண்டையும் எட்டு வைத்து அளந்தான். தடம் முப்பத்தைந்து மீட்டர், கோடு நாற்பத்தொன்பது. ஐந்து சுற்றுக்கு எழுபது மீட்டர் குறைவாக ஓடிவிட்டு, நண்பனைச் சந்தேகப்பட்டிருக்கிறான்.

கேட்டுக்கு வெளியே ஓடி, சாலையில் போய்க்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டான். "ஜஸ்டின்! நில்லுடா!"

விஷயத்தைக் கேட்டுவிட்டு ஜஸ்டின் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "என்னயத்தான் திருடன்னு நெனச்ச, இல்ல?" என்றான்.

"ஆமாடா. தப்புதான்."

"சரி, நாளைக்குக் கோட்டுல ஓடு."

மறுநாள் நாகராசு அரைக்கைச் சட்டையில் வந்தான். புல்லை மிதித்து, வெடித்த மண்ணில் கால் இடற, ஐந்து சுற்றும் கோட்டை ஒட்டியே ஓடினான்.

"ஏழு நாலு" என்றான் ஜஸ்டின்.

நாலு நொடி அதிகம். தேர்வுக்கு இருபது நாள். ஜஸ்டின் செல்போனை நீட்டிக் காட்ட வந்தான். நாகராசு பார்க்கவில்லை. "வேணாம்டா, நீ சொன்னாப் போதும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கோட்டில் போய் நின்றான்.