மகள் கையில் இருந்த பாக்குவெட்டி

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கொக்கட்டிச்சோலைக்கு உள்ளே ஒரு வயல் கிராமத்தில் இருந்தோம். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் வாவியைப் பாதையில் கடக்க வேண்டும். பாதை என்பது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப்போகும் மிதவை. அக்கரையில் இறங்கினால் ஆமிக்காரரின் சோதனை. அந்தத் துறையில்தான் என் தம்பியை விசாரணைக்கென்று மறித்து வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவன் பல நாள் யாரோடும் பேசவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். காற்றுக்குக் கதவு அடித்தாலே நெஞ்சு பதறும்.

அந்த நேரம் பார்த்து மகள் பெரியபிள்ளையானாள். வழக்கப்படி உள்ளறையில் வைத்தோம். சடங்கு செய்து தண்ணீர் வார்க்கும்வரை ஆண்கள் கண்ணில் படக்கூடாது. காத்துக் கறுப்பு அண்டாமல் கையில் இரும்பு இருக்க வேண்டும். வீட்டுப் பாக்குவெட்டியைக் கொடுத்தேன். ஆனால் உதிரப்போக்கு நிற்கவேயில்லை. "முதல்முறை அப்பிடித்தான் புள்ள" என்றாள் மச்சாள், என் கணவரின் அக்கா. மகளின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

அன்று காலை ஒரு மிஸ்ஸி வந்தார். பட்டணத்துத் தாதி. மேற்படிப்புக்காக, பருவமடையும் பிள்ளைகளின் உடல்நலம் பற்றி வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு என்ன சாப்பாடு, எங்கே படுக்க வைத்தீர்கள், கையில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டவர், "உள்ள போய்ப் பாக்கலாமா அக்கா?" என்றார். துடக்கு, தீட்டு என்று நாங்களே தள்ளி நிற்கும் பாயில் போய் உட்கார்ந்து, மகளின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இப்பவே கொண்டு போகணும் அக்கா. ரத்தம் ஏத்தாட்டிப் பிள்ளை தாங்காது."

மச்சாள் வாசலை மறித்தாள். "தண்ணி வாக்காத புள்ளய ஊர் ஆம்புளையெல்லாம் பாக்கக் கொண்டு போறதா? படிச்ச ஆக்களுக்கு வெக்கமும் இல்லியா?"

"வெக்கத்த நான் பட்டுக்கிறன். நீங்க வண்டியக் கட்டச் சொல்லுங்க."

மச்சாள் முணுமுணுத்துக்கொண்டே விலகினாள். மகளை வெள்ளைத் துணியால் தலையோடு போர்த்தி வண்டியில் கிடத்தினோம். கணவர் தூர வயல்வட்டையில் அறுவடையில் நின்றார், சொல்லியனுப்ப நேரமில்லை. பாதை நகர்ந்தபோது வாவியைப் பார்க்கவும் பயம், அக்கரையைப் பார்க்கவும் பயம். மிஸ்ஸியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

இறங்கியதும் ஒரு ஆமிக்காரன் வந்தான். துணிக்குள் இறுகி மூடியிருந்த கையைக் கண்டுவிட்டான்.

"கை! கை காட்டு!"

அப்போதுதான் எனக்கு அந்த இரும்பு ஞாபகம் வந்தது. மகளுக்குக் கேட்கும் தெம்பில்லை. அவன் துவக்குக் குழலை நீட்டிக்கொண்டு துணியை விலக்கினான். பாக்குவெட்டி டங்கென்று வண்டிப் பலகையில் விழுந்தது. எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடினேன்.

சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தேன். அவன் பாக்குவெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். மெல்லச் சிங்களத்தில் ஏதோ கேட்டான். மிஸ்ஸி ஒரே சொல்லில் பதில் சொன்னார். உடனே அவன் குனிந்து, அதை மகளின் கைக்குப் பக்கத்தில், விரல் படாமல் வைத்தான். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். மற்றவர்களிடம் ஏதோ கத்தினான். அவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். துவக்கோடு நின்ற அத்தனை பேரும் எங்களைப் பாராமல் ரோட்டைப் பார்த்து நிற்க, நாங்கள் பிள்ளையை வண்டியிலிருந்து தூக்கிக்கொண்டு நடந்தோம். பட்டணம் போன லொறி ஒன்றை அவனே மறித்து ஏற்றிவிட்டான்.

லொறியில் மிஸ்ஸி என் கையைப் பிடித்தார்.

"பெரியபிள்ளையானதா எண்டுதான் கேட்டான் அக்கா. அவங்கட ஊர்லயும் இரும்புதான் குடுக்கிறவங்களாம், லொறிய மறிக்கக்குள்ள சொன்னான். ஆம்புளைகள் பாக்கவும் கூடாதாம். இவ்வளவு வீடு ஏறி இறங்கிக் கேட்டன், இது எனக்குத் தெரியாமப் போச்சே!" அழுதாரா சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை.

ரத்தம் ஏற்றினார்கள். மகள் பிழைத்தாள். தண்ணீர் வார்த்த அன்று மச்சாளே மிஸ்ஸிக்குச் சோறு போட்டாள்.

அந்த ஆமிக்காரன் மறுநாள் வேறொருவரின் பிள்ளையை அதட்டியிருக்கலாம். என் தம்பியை மறித்தவனே அவனாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. இன்றும் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள்தான் நான். ஆனால் பயம் நெஞ்சை அடைக்கும்போதெல்லாம், ஒரு பாக்குவெட்டியைக் கண்டு துறையே திரும்பி நின்ற அந்தக் காலை கண்முன் வந்து, எனக்கு மூச்சு விட இடம் தந்துவிட்டுப் போகிறது.