பூட்டிய அறையில் எழும்பிய கணினி

முதலில் ஒரு "பீப்". பிறகு காற்றாடி மெல்லச் சுழலத் தொடங்கும் இரைச்சல். அதன் பின்னால், அரிசிக்குள் கையை விட்டுக் கிளறுவதுபோல வன்தட்டு உரசும் சத்தம். போர்க்காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்த எங்கள் வீட்டில், விடியற்காலை ஐந்தரைக்கு, வெளியே பூட்டுத் தொங்கும் அறைக்குள்ளிருந்து இந்த ஒலிகள் ஒழுங்கு தவறாமல் வந்துகொண்டிருந்தன. அறைக்குள் ஆள் இல்லை.

அது நிமலன் அண்ணாவின் அறை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களிடம் வாடகைக்கு இருந்தவர். பகலில் கந்தோரில் அலுவலக வேலை, காலையில் கணக்கியல் படிப்பு. ஒருநாள் கந்தோருக்குப் போகும் வழியில் அவரை ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யார், ஏன், எங்கே என்ற கேள்விகளை அந்தக் காலத்தில் உரத்துக் கேட்க முடியாது. பூட்டை உடைத்து அந்தச் சத்தம் என்னவென்று பார்ப்போம் என்று நான் துள்ளினேன். அப்பா கட்டாரில் இருந்ததால் வீட்டுக்குப் பொறுப்பான அம்மா விடவில்லை. "அவங்கள் கொண்டு போன பிள்ளையின்ர சாமானில கை வைச்சா, நாளைக்கு வந்து கேக்கிறவனுக்கு நாங்கள்தான் பதில் சொல்லோணும்" என்றார். வாடகைக்கு ஆள் வைத்திருந்த வீடுகளிலெல்லாம் அப்போது இதுதான் எழுதாத சட்டம். ஆகவே அறை பூட்டியபடியே இருந்தது. கணினி மட்டும் தினமும் எழும்பி, ஒரு மணிநேரம் தனியே இரைந்துவிட்டுத் தானாகவே படுத்துக்கொண்டது. அம்மா கதவு நிலையில் திருநீறு பூசினார்.

பிறகு நிமலன் அண்ணாவின் அம்மா கப்பலேறி, திருகோணமலை வழியாக, மகனைத் தேட வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. நாங்கள் "ரீச்சர்" என்றே கூப்பிட்டோம். பூட்டை உடைத்து அவர் அந்த அறையிலேயே தங்கினார். முதல் நாள் விடியலில் "பீப்" கேட்டதும் நானும் அம்மாவும் ஓடிப்போய்ப் பார்க்கிறோம்: ரீச்சர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தில் நீல வெளிச்சம் விழ, திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"எங்கயோ இருந்து போடுறான் போல, பிள்ளை. அப்பிடிச் செய்யேலுமோ?"

எனக்கு அப்போது பதினாறு வயது. பம்பலப்பிட்டியில் கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாத வயது. கணினியை மீண்டும் தொடக்கி, "டிலீட்" விசையைப் படபடவென்று தட்டி, பயோஸ் என்ற அந்த நீலத் திரைக்குள் போனேன். விண்டோஸ் வருவதற்கு முன்பே எழும்பி, விசைப்பலகை இருக்கிறதா, வன்தட்டு இருக்கிறதா என்று சரிபார்க்கும் சின்ன நிரல்தான் பயோஸ் என்றும், கணினி அணைந்திருந்தாலும் உள்ளே காசளவு மின்கலம் ஒன்று நேரத்தைக் காத்துக்கொண்டிருக்கும் என்றும், மின்சாரப் பக்கத்தில் "அலாரம்" என்ற வரியில் அண்ணா ஐந்தரை என்று வைத்திருக்கிறார், படிக்க எழும்புவதற்காக, என்றும் மூச்சுவிடாமல் விளக்கினேன். வகுப்பில் படித்த விதிகளையும் சேர்த்துக்கொண்டேன்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், பழைய இலக்கத்தை மறக்கக்கூடாது, கடைசியில் "எஃப் பத்து" அமத்தாமல் வெளியே வந்தால் மாற்றியது ஒன்றும் நிற்காது.

ரீச்சர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அவன் இல்லையெண்டு இதுக்கு இன்னும் தெரியாது" என்றார்.

அம்மாவுக்கு வேறு பயம். படையினரின் சுற்றிவளைப்புகள் நடப்பதும் விடியலில்தான். கொண்டு போகப்பட்டவனின் அறையில் தானாக எழும்பும் இயந்திரத்தைப் பார்த்தால் வருபவர்கள் என்ன நினைப்பார்கள்? "நிப்பாட்டித் துலை" என்று என் காதைக் கடித்தார். பிளக்கைக் கழற்ற ரீச்சர் விடவில்லை. இருவருக்கும் நடுவில் நின்று, அலாரத்தைக் காலை பத்து மணிக்கு மாற்றி, எஃப் பத்தும் அமத்தினேன். ஒழுங்கை இரைச்சலில் யாருக்கும் கேட்காத நேரம் அது.

மறுநாள் ஐந்தரைக்கு "பீப்".

உள்ளே போய்ப் பார்த்தால் ஐந்தரை என்றே இருந்தது. நான்தான் பிழை விட்டேனாக்கும் என்று திரும்ப மாற்றினேன். அடுத்த விடியலிலும் அதே. நான் வைத்த பத்தை யாரோ அழித்திருந்தார்கள். "ரீச்சர், இதுக்குள்ள என்னவோ இருக்கு" என்றேன்.

"நான்தான் பிள்ளை" என்றார் அவர், வெட்கப்பட்ட மாணவிபோல. "ஒண்டை மட்டும்தான் மாத்தினனான். எஃப் பத்தும் அமத்தினனான். பத்து மணிக்கு அவன் கந்தோரிலயெல்லோ, அந்நேரம் எழுப்பி என்ன?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அம்மா பயந்தது அந்தக் கிழமையே நடந்தது. விடியலில் ஒழுங்கையைச் சுற்றிவளைத்து வீடு வீடாக வந்தார்கள். எங்கள் விறாந்தையில் இரண்டு இளம் சிப்பாய்கள் அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். வீட்டில் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான் என்று அம்மா சிங்களத்தில் சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே "பீப்" என்றது. காற்றாடி சுழன்றது. பாதி திறந்திருந்த கதவின் இடுக்கில் நீல வெளிச்சம் விரிந்தது.

"கவுத எதன?" யார் அங்கே என்று கேட்டபடி ஒருவன் துவக்கை உயர்த்தினான்.

அம்மா என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார். பயோஸ், அலாரம் என்பதையெல்லாம் துவக்குக்கு முன்னால் சிங்களத்தில் விளக்க எனக்குத் தெரியவில்லை. முன்னால் வந்தவர் ரீச்சர். அவருக்குத் தெரிந்த நாலைந்து சிங்களச் சொற்களில் இரண்டை எடுத்து, மிகத் தெளிவாகச் சொன்னார்:

"கவுருத் நே."

ஒருவரும் இல்லை.

சிப்பாய் துவக்கு முனையால் கதவைத் தள்ளினான். யாரும் உட்காராத வெறும் கதிரை. அதன் முன்னால் தானாக விழித்த திரை. அவன் கொஞ்ச நேரம் அந்தக் கதிரையையே பார்த்தான். பிறகு மணிக்கட்டில் பிக்குகள் காப்பாக ஓதிக் கட்டியிருந்த வெள்ளைப் பிரித் நூலைத் தொட்டுக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்னடி வைத்தே வெளியேறினான்.

அவர்கள் போனதும் ரீச்சர் கணினியின் முன் உட்கார்ந்தார். உதவப் போன என் கையை விலக்கினார். "எந்த இடமெண்டு தெரியும். உன்னைப்போலப் பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீடு இது" என்றார். டிலீட்டைத் தட்டி, மின்சாரப் பக்கத்துக்குப் போய், அலாரத்தை முற்றாக நிறுத்தி, எஃப் பத்தை அமத்தினார். சேமிக்கவா என்று திரை கேட்டது. அந்தக் கேள்வி நெடுநேரம் அப்படியே நின்றது. பிறகு, ஆம் என்பதற்கான "வை" விசையின் சத்தம் கேட்டது. மறுநாள் ஐந்தரைக்கு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மூன்று பேரும் விழித்துத்தான் கிடந்தோம்.

இப்போது அந்த வீடு இல்லை. அந்த இடத்தில் நிற்கும் அடுக்குமாடியில் எந்த மாடி எங்கள் அறையின் உயரத்துக்கு வரும் என்றுகூடக் கணிக்க முடியவில்லை. "பீப்" போட்டு எழும்பும் கணினிகளும் போய்விட்டன. விடியலில் கதவு தட்டுபவர்களும் இல்லை. நிமலன் அண்ணா வரவில்லை. போர் முடிந்த பிறகு ரீச்சரை ஒவ்வொரு விசாரணை மேசைக்கும் கூட்டிக்கொண்டு போனவள் நான். மரணச் சான்றிதழ் தருகிறோம், மகன் இல்லை என்று ஒப்புக்கொண்டு ஒரு கையெழுத்து வையுங்கள் என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்டார்கள். எங்களுக்காக அன்று சிப்பாயிடம் ஒருமுறை சொன்ன "இல்லை"யை, அவர் பிறகு எவருக்கும் சொல்லவில்லை.