இரண்டு வீட்டுக்கும் ஒரே கூட்டம்

முதலில் நினைவுக்கு வருவது மண்ணெண்ணெய் வாசம்தான். அச்சடித்து முடித்த ஈய எழுத்துகளை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்போம். சட்டையில், விரலில், கட்டிக்கொண்டு போகும் சோற்றில்கூட அந்த வாசம்...

1930-களின் நடுவில், எனக்கு இருபத்திரண்டு வயதில், உக்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில் சின்னதாக அச்சுக்கூடம் வைத்தேன்.

மெட்ராஸில் யாரோ ஓட்டிக் கழித்த டிரெடில் மெஷின். காலால் மிதித்து ஓட்டுவது. கூட்ஸ் ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் வந்து, கடைசியில் வாசலில் நுழையமாட்டேன் என்றது. நிலையைப் பெயர்த்துத்தான் உள்ளே தள்ளினோம். வீட்டுக்காரர் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மை தடவும் ரோலர், வஜ்ரப் பசையும் வெல்லப்பாகும் காய்ச்சி ஊற்றியது. எலிக்கு அது பலகாரம். பானைக்குள் தொங்கவிட்டு மூடி வைப்போம்.

எழுத்துக் கோக்கக் கோட்டைமேட்டிலிருந்து காதர் பாய் வந்தார். என் வயதுதான். ஈய எழுத்துகள் இடம் வலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல் இருக்கும். நான் ஒரு வரியை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அவர் அரைப் பக்கம் கோத்திருப்பார். உண்மையைச் சொன்னால் அச்சுக்கூடம் அவருடையது, பெயர்ப்பலகைதான் என்னுடையது.

முதல் பெரிய வேலை, தொண்டாமுத்தூரில் ஒரு தோட்டத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து விவரமெல்லாம் வாயால் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். "புரூஃப் பாக்க மறுக்கா வண்டி கட்டிட்டு வர முடியாதுங்க. நம்ம பையன் நீங்க, நீங்களே பாத்துப்போடுங்க" என்று நம்பிவிட்டுப் போனார்.

எங்கள் கவுண்டர்களில் கூட்டம் என்று உண்டு. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. அதற்குள் பெண் எடுக்கவே மாட்டோம். பத்திரிகையில் இரண்டு வீட்டுக் கூட்டமும் தெளிவாக இருக்கவேண்டும்.

பெண் வீடு கண்ணன் கூட்டம். மாப்பிள்ளை வீடு அந்துவன் கூட்டம். நான் என்ன நினைப்பில் இருந்தேனோ, இரண்டு இடத்திலும் அந்துவன் என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

காதர் பாய் புரூஃபைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ஏனுங்க, ரெண்டு ஊட்டுக்கும் ஒரே கூட்டம் போட்டிருக்குதுங்களே. சரீங்களா?"

அன்றைக்குத்தான் ஓரத்துக்குப் புதிதாகப் பூ பார்டர் வந்திருந்தது. என் கண் அதைவிட்டு நகரவில்லை.

"எல்லாஞ் செரிதானுங்க பாய். ஓட்டுங்க."

ஓட்டினோம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பாதி ஊருக்குக் கொடுத்தும் முடித்துவிட்டார்கள். நாலாம் நாள் சித்தப்பா வந்து நின்றார். முகம் கறுத்திருந்தது.

"அண்ணந் தங்கச்சிக்கா கண்ணாலம் பண்றீங்கன்னு கேக்கறாங்க. பொண்ணூட்டுக்காரங்க கண்ணாலமே வேண்டாங்கறாங்க. என்ன பண்ணிப்போட்டீங்க?"

பத்திரிகையை எடுத்து இரண்டு இடத்தையும் பார்த்தேன். அவர் காதர் பாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னிடம் சொன்னார்.

"உங்களச் சொல்லிக் குத்தமில்லீங்க. பாய்க்கு நம்ம கூட்டமெல்லாம் எப்படித் தெரியும்?"

காதர் பாய் என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன்... அவர், "மன்னிச்சுக்குங்க" என்றார்.

புதுப் பத்திரிகையைப் பாய் கை படாமல் அடிக்கவேண்டும் என்றார் சித்தப்பா. நானே கோத்தேன். பாய் ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலை எனக்கு ஒரு நாள் பிடித்தது. காதர் பாய் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். "மூணாவது வரியில ஒரு எழுத்து தலகீழா நிக்குதுங்க" என்றார். தொடாமல், விரலால் காட்டி மட்டும்.

பிறகு நானும் சித்தப்பாவும் வண்டி கட்டி, வீடு வீடாகப் போய்ப் பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தோம். ஒவ்வொரு வாசலிலும் அவர், "பாய் பண்ணுன தப்புங்க" என்பார். ஒவ்வொரு வாசலிலும் நான் தலையாட்டினேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. எனக்கு மட்டும்தான் அழைப்பு. போனேன், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இதை எழுதவே கூசுகிறது.

மூன்று மாதம் கழித்துக் காதர் பாய், தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ள வந்தார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"பாய், அன்னைக்கு நாஞ் சொல்லியிருக்கோணும்."

அவர் கோபப்படவில்லை. தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "சொல்லுவீங்கன்னுதானுங்க நின்னுட்டிருந்தேன்."

அதன்பிறகு எத்தனையோ பேர் வந்து கோத்தார்கள். அவரைப்போல் ஒரு கை வாய்க்கவில்லை. இப்போது அவரும் இல்லை, டிரெடிலும் இல்லை. வயது தொண்ணூறை நெருங்குகிறது. நான் சொல்லச் சொல்ல, பேத்தி கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்கிறாள். சற்று முன் கூட்டத்தின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன். ஒரு நொடியில் அழித்துத் திருத்திவிட்டாள்.

எழுதிக் கொடுத்தது நான்தான் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.