மூச்சு வாங்கும் கண்டக்டர்

கண்டக்டர் வேலைக்குத் தொண்டையும் வேண்டும், பொறுமையும் வேண்டும். இரண்டுக்கும் முதலில் மூச்சு வேண்டும். எனக்குச் சில வருடங்களாக அதுதான் தட்டுப்பாடு. சிஓபிடி என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோய், நுரையீரல் பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடவே ஒரு பயமும் வந்து ஒட்டிக்கொண்டது. மூச்சு அடைத்தால் பயம் வரும், பயந்தால் இன்னும் அடைக்கும். சட்டைப்பையில் இன்ஹேலரோடு திரிகிறவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டிப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவதாகச் சொன்னார்கள். எனக்குத் தஞ்சாவூர் - பூதலூர் டவுன் பஸ்ஸை விட மனசில்லை. வண்டி தாமதம் என்று ஏற்கெனவே புகார் போயிருந்தது; இன்னொன்று வந்தால் டிப்போ நாற்காலிதான் என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஒரு விசில்

ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் புறப்படு. அறுவடை நேரம். வயலில் மெஷின் ஓட, தூசி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. புறப்படச் சொல்லி ஒன்று ஊதினேன், இரண்டாவது வரவில்லை. நகரத் தொடங்கிய வண்டி நின்றது. மறுபடி ஊதினேன், மறுபடி ஒன்றுதான்.

டிரைவர் செல்வராஜ் இறங்கிப் பின்பக்கம் வந்தார். வேறு டிரைவராக இருந்தால் கத்தியிருப்பார். இவர் தூசி வராமல் ஜன்னல் கண்ணாடியை மூடிவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே நம்ம வண்டிக்கு ஒரு விசில்னா கிளம்புன்னு அர்த்தம்ணே. நிறுத்துறதுக்கு நீங்க ஊத வேணாம், எல்லா ஸ்டாப்லயும் நானே நிறுத்திடுறேன்."

வாங்குவதும் விடுவதும்

மும்தாஜ் சிஸ்டர் ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து தினமும் எங்கள் பஸ்ஸில்தான் வீடு திரும்புவார். ஒருநாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு வாங்குது சிஸ்டர்" என்றேன். நான் காற்றை இழுக்க இழுக்க நெஞ்சு கல்லாகிக்கொண்டிருந்தது.

அவர் பதறவில்லை. உதட்டைக் குவித்து, சூடான டீயை ஊதுவதுபோல மெதுவாக ஊதிக் காட்டினார். நானும் ஊதினேன். இரண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் பேச்சு வந்துவிட்டது. அந்த நிதானத்தை எங்கே கற்றாரோ, கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. சிஸ்டர் சொன்னார்: "உள்ள பழைய காத்தே அடைச்சுக் கிடக்கு. வாங்கிக்கிட்டே இருந்தா எப்படி? முதல்ல விடுங்க."

செக்கிங்

நடவு வேலைக்குப் போகிற பெண்கள் கூட்டமாக ஏறிய காலை. பாதி டிக்கெட் கொடுப்பதற்குள் எனக்கு அடைத்துக்கொண்டது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். அவர்களில் மூத்தவரான அஞ்சலை என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். இன்ஹேலரை இழுத்துவிட்டு, உட்கார்ந்தபடியே டிக்கெட்டைக் கிழித்தேன். அது கைமாறிக் கைமாறி முன்வாசல்வரை போனது. ஸ்டாப் பெயரை அவர்களே கத்தினார்கள்.

அந்த நேரம் பார்த்து டிக்கெட் பரிசோதகர் ஏறினார். கண்டக்டர் எங்கே என்று கேட்டார். "பின்னாடி மூச்சு விட்டுக்கிட்டு இருக்காரு, என்ன வேணும் சொல்லுங்க" என்றார் அஞ்சலை. பரிசோதகர் ஒவ்வொருவர் டிக்கெட்டாகப் பார்த்தார். டிக்கெட் இல்லாதவர் ஒருவரும் இல்லை.

பஸ் வேலை போயிற்று என்று நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் என் தோளை அமுக்கி உட்கார வைத்தார். "டிப்போவுல உங்களுக்கு நாற்காலி போட்டு வச்சிருக்காங்களாமே? இங்கயே உக்காந்து நல்லாத்தான் பாக்குறாருன்னு நான் சொல்லிடுறேன்."

பயம் இன்றைக்கும் தவறாமல் என் பஸ்ஸில் ஏறத்தான் செய்கிறது. இத்தனை பேர் நிற்கிற வண்டியில் அதற்கு உட்கார இடம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.